அம்புலி காட்டுவார் யார்?

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தனர். ஐந்தாந் திங்களிற் செங்கீரை. ஒரு காலை மடக்கி, மற்றொன்றை நீட்டி, கைகளை நிலத்தூன்றித் தலைநிமிர்ந்தாடுதல் அது. தவழாத குழந்தையை விழித்திருக்கும்போது நாடோறும் 30 நிமிடமேனும் குப்புறக் கிடத்தி விளையாட விடுக என 2019-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் கூறியதைக் கண்டு வியந்தேன். இரண்டாண்டு நிரம்பாத குழந்தைக்குத் திரைக்காட்சி ஆகாதென்றும், பின்னரும் ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாதென்றும் அந்நெறிமுறை கூறுகின்றது.

நம் இல்லங்களிலோ சோறூட்டும் பொழுதே கைப்பேசி எதிரே நிறுத்தப்படுகின்றது. மகவு வாய் திறக்கின்றது. உண்பது இன்னதென்றும் அறியாது, வயிறு நிரம்பியதும் அறியாது. அம்புலியை அழைத்தால் அது வருவதில்லை, உண்மையே. ஆயினும் குழந்தை விரல் நீட்டுகின்றது. அழைப்பவர் முகத்தை நோக்கி மழலை பகர்கின்றது. அவரும் மறுமொழி தருகின்றார். இச்சொல்லாட்டிலன்றோ மொழியும் மனவமைதியும் தளிர்க்கின்றன! கைப்பேசி அம்மழலைக்கு விடை பகருமோ?

தாய்மாரைக் குறை கூறுதல் முறையன்று. பகலில் அலுவலகத்தும் இரவில் அடுக்களையினும் உழலும் என் அண்ணியார், “நிலாக் காட்ட எனக்கு நேரமேது?” என்றபோது யான் விடையற்று நின்றேன். பிள்ளைத்தமிழிலும் அம்புலியை அழைப்பது பெரிதும் பெண்குரலே. இஃதொரு குறையென்பேன், ஆசிரியர் பொறுத்தருள்க. தந்தையராகிவிட்ட பழைய மாணவர் இரவுணவு ஊட்டும் கடமையை மேற்கொள்ளல் வேண்டும்.

என் தமையனார் அவ்வாறே இசைந்து ஒரு திங்களாயிற்று. முதல் மூன்று நாள் அழுகையும் சிந்திய சோறுமே கண்டோம். இப்பொழுது மொட்டைமாடியில் ஊட்டல் நடைபெறுகின்றது. அமாவாசையன்றுதான் சிறிது தொல்லை.