பெற்றோர் தெய்வம், தண்ணீர் தர ஆளில்லை!

"மேனாட்டான் பெற்றோரை விடுதியிலே தள்ளுகிறான், நாமோ தெய்வமாகப் போற்றுகிறோம்!" இந்த முழக்கம் எழாத மேடை இல்லை, இதற்குக் கைதட்டாத மண்டபம் இல்லை. முழங்குவோர் முழங்கட்டும்! முழங்கி முடித்தபின், திண்ணையின் ஓரத்தில், கிழிந்த பாயில், ஈரம் உலராத துணியோடு கிடக்கிறதே ஒரு 'தெய்வம்', அதனருகே சிறிது நேரம் நின்று பார்க்கட்டும். தெய்வத்துக்குத் தாகம், தண்ணீர் தர ஆளில்லை. தெய்வத்தின் முதுகிலே புண். புரட்டிப் படுக்கவைக்கக் கையில்லை.

குற்றம் யாருடையது? மகனையும் மருமகளையும் ஏசுவதற்கு நாம் எழுதுகோல் எடுக்கவில்லை. மகன் விடியுமுன் ஆலைக்குப் போகிறான். மருமகள் களை எடுக்கப் போகிறாள். போகாவிட்டால் உலை கொதிக்காது. அப்படியானால் கிழவியின் அருகே நிற்பவள் யார்? பேத்தி! வருகைப் பதிவேட்டை நாள்தோறும் புரட்டும் ஆசிரியர்களாகிய நாம் அந்த விடையை அறிவோம். முதல் வரிசையில் அமர்ந்து முந்திக்கொண்டு விடை சொன்ன சிறுமி, வாரத்தில் மூன்று நாள் வருவதில்லை. கேட்டால், "ஆயாவைப் பாத்துக்க ஆளில்லைங்க" என்று தலை குனிகிறாள். பண்பாட்டின் பெருமையை மேடை பேசுகிறது. அதற்கான விலையை அந்தப் பிஞ்சு கட்டுகிறது. சிறுவன் கட்டுவதில்லை, தோழர்களே, சிறுமிதான் கட்டுகிறாள்! பணிவிடை பெண்ணின் பிறவிக் கடன் என்று எழுதிவைத்த ஏடுகள் இன்னும் நம் வீடுகளில் ஆட்சி புரிகின்றன.

பண்பாட்டின் மற்றொரு முகத்தையும் பார்ப்போம். தென் மாவட்டங்களில், விருதுநகர் வட்டாரத்தில், 'தலைக்கூத்தல்' என்றொரு வழக்கம். படுத்த படுக்கையான முதியவருக்கு எண்ணெய் முழுக்காட்டி, இளநீர் புகட்டி, உயிரை முடித்துவைக்கும் கொடுமை! 2010-இல் நாளேடுகள் அதை நாடறியச் செய்தன. தெய்வத்துக்கு அபிஷேகம், அபிஷேகத்தின் முடிவு பாடை! கல்நெஞ்சர்கள் மட்டுமா அதைச் செய்தனர்? கையற்றுப்போன ஏழைகளும் செய்தனர். உதவிக்கு ஒரு கை வந்திருந்தால், உயிரெடுக்க இரு கைகள் நீண்டிருக்குமா?

கைகால் வழங்காத இளைஞனின் நிலை என்ன? "முற்பிறப்பின் வினை" என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிடுகிறது சனாதனம். வசதியான தீர்ப்பு! வினை என்று சொல்லிவிட்டால் சமுதாயத்துக்குக் கடமை இல்லை, அரசுக்குச் செலவில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறமாட்டோம். 1962-இல் 20 ரூபாயாகத் தமிழகத்தில் தொடங்கிய முதியோர் உதவித்தொகை, 2023-இல் 1,200 ரூபாயாயிற்று. நாளொன்றுக்கு 40 ரூபாய்! 60 முதல் 79 வயது வரையிலான ஏழை முதியவருக்கு ஒன்றிய அரசு வகுத்த பங்கோ மாதம் 200 ரூபாய். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம், பெற்ற பிள்ளைமீது வழக்காடி வாழ்வுப்படி பெறலாம் என்றது. நடக்க இயலாத கிழவன் கோட்டாட்சியர் அலுவலகப் படிக்கட்டில் ஏற வேண்டுமாம்! 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊரோடு சேர்ந்து வாழ்வது உரிமை என்றது. அதற்கான உதவியாள் கிடைக்க அரசு 'முயல வேண்டும்' என்றது. உரிமை என்று தொடங்கி முயற்சி என்று முடிகிறது வாக்கியம்!

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல திருப்பம். மாத்திரை வீடு தேடி வந்தது. இயன்முறை மருத்துவமும் வலிதணிப்பு மருத்துவமும் வாசலுக்கு வந்தன. வரவேற்கிறோம், வாழ்த்துகிறோம். ஆனால் மாத்திரையை எடுத்து வாயில் இட்டு, தண்ணீர் தரும் கை எங்கே? குளிப்பாட்ட, கழிப்பறைக்குத் தாங்கிச் செல்ல, சோறூட்ட, நாள்தோறும் வரும் கை எங்கே?

பிற நாடுகள் விடை கண்டுள்ளன. 65 வயது கடந்தவர்க்கு உடல் பராமரிப்பு உதவி இலவசம் என்று ஸ்காட்லாந்து 2002-இல் நடைமுறைப்படுத்தியது. ஜப்பான் 2000-இல் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியது. பாதி வரிப்பணம், பாதி மக்களின் சந்தா. அவ்வளவு தொலைவு ஏன்? அண்டையிலுள்ள கேரளம் 2008-இல் வலிதணிப்புக் கொள்கை வகுத்து, ஊராட்சியின் பொறுப்பில் செவிலியரை வீட்டுக்கே அனுப்பியது.

"அரசு வந்தால் பாசம் போய்விடும்" என்பார் சிலர். அரசு பள்ளிக்கூடம் வைத்ததால் பெற்ற பாசம் போயிற்றா? பாசத்துக்கு மூச்சுவிட நேரம் தருவதுதான் உதவியாளரின் வேலை. "பணம் எங்கே?" என்பார் வேறு சிலர். 1956-இல் காமராசர் பள்ளியில் சோறிட முனைந்தபோதும் இதே கேள்விதான். சோறு வெந்தது, கேள்வி வெந்து தணிந்தது!

இன்னொன்றும் உண்டு. அளவான குடும்பம் அறிவுடைமை என்று நாடெங்கும் முழங்கியவர்கள் நாம். தமிழகம் செவிசாய்த்தது. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 100-க்கு 9 பேர்கூட 60 வயதைக் கடந்திருக்கவில்லை. தமிழகத்திலோ 10 பேருக்கும் மேல். ஆறு பிள்ளைகள் பங்கிட்ட சுமை ஒரு பிள்ளையின் தோளில்! சிறு குடும்பம் கேட்ட நாடு, அந்தச் சுமையில் பங்கேற்க வேண்டாமா?

பெரியாரை எண்ணிப் பாருங்கள். 94 வயதில், சிறுநீர்க் குழாயின் வேதனையோடு ஊர் ஊராகச் சென்றார். 1973 டிசம்பர் 19-இல் தியாகராய நகரில் இறுதி முழக்கம். எப்படி முடிந்தது? உள்ளத்து உரம் ஒன்று. அதனோடு சுமந்து செல்ல ஒரு வண்டி, தாங்கிப் பிடிக்கத் தோழர்கள், தாயெனப் பேண மணியம்மையார்! தாங்கும் கை இருந்தால் முதுமை முடங்காது, ஊருக்கு உழைக்கும். அந்தக் கை ஒவ்வொரு குப்பத்துக்கும் சேரிக்கும் வேண்டும் என்கிறோம்.

ஊராட்சிதோறும் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்கள் வேண்டும். அவர்களுக்கு ஊக்கத்தொகை என்னும் பிச்சைக்காசு கூடாது. அரசுப் பணியாளருக்குரிய ஊதியம் வேண்டும். ஆண்களும் அப்பணிக்கு வரவேண்டும். மலம் துடைப்பது இன்ன சாதியின் வேலை என்னும் நினைப்பு அங்கேயும் நுழையக்கூடாது; எல்லாச் சாதியிலிருந்தும் ஆளெடுக்க வேண்டும். தன் வீட்டிலேயே வாழ்வதா, வேறிடம் செல்வதா என்பதை முதியவரும் மாற்றுத்திறனாளியும் தாமே முடிவு செய்ய வேண்டும்.

தெய்வமாக்கிக் கும்பிட வேண்டாம். மனிதராக மதித்து, கேட்ட நேரத்தில் ஒரு குவளைத் தண்ணீர் தாருங்கள். அந்தச் சிறுமி பள்ளிக்கு வரட்டும்!