விடை மட்டும் போதுமா? கணக்கும் வேண்டாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குச் சில நாட்களிலேயே ஓர் ஆசை வந்துவிடும். நம் வீட்டு பிளானை நாமே வரைந்து பார்த்தால் என்ன? தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் அரை கிரவுண்டு மனை வைத்திருப்பவர்களுக்கு இந்த ஆசை கொஞ்சம் அதிகம். நல்ல ஆசைதான். ஆனால் கேட் சாஃப்ட்வேரில் அளவு கொடுக்கும் அந்தச் சின்னப் பெட்டியில் கவனம் வேண்டும்.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி 30க்கு 40 மனைக்கு பிளான் வரைந்து பிரிண்ட் எடுத்து மேஸ்திரியிடம் கொடுத்தார். பார்த்த மேஸ்திரி, "தம்பி, 28 அடி அகலம் போட்டிருக்கீங்களே, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு அடிதானே மிஞ்சுது?" என்றார். "கணக்குப் போட்டுத்தான் கொடுத்தேன் அண்ணே" என்றார் தம்பி. எந்தக் கணக்கு என்று பார்க்கக் கம்ப்யூட்டரைத் திறந்தோம். பெட்டியில் 28 என்ற எண் மட்டும்தான் இருந்தது.

யோசித்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. இரண்டு பக்கமும் 1 மீட்டர் விட நினைத்து, 30 - 2*1 என்று டைப் செய்து என்டர் தட்டியிருக்கிறார். 30 என்பது அடி, 1 என்பது மீட்டர். சாஃப்ட்வேருக்கு அது தெரியுமா? எல்லாவற்றையும் அடியாக எடுத்துக்கொண்டு 28 என்று போட்டுவிட்டது. சரியான விடை ஏறக்குறைய 23 அடி 5 அங்குலம். நாலரை அடி வித்தியாசம்! மேஸ்திரி கேட்காமல் கடைக்கால் தோண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இது நம் ஊரில் யாருக்கும் நேரக்கூடிய தவறு. 2019ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மீட்டரில் பேசுகின்றன. மேஸ்திரி அடியில் பேசுகிறார். தச்சர் அங்குலத்தில் பேசுகிறார். பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1999ல் நாசாவின் செவ்வாய் விண்கலம் ஒன்று அழிந்ததற்குக் காரணம், ஒரு குழுவின் புரோகிராம் பவுண்டு கணக்கிலும் மற்றொன்று நியூட்டன் கணக்கிலும் இருந்ததுதான்.

என் கருத்து இதுதான்: அளவுப் பெட்டியில் எழுதிய கணக்கை சாஃப்ட்வேர் அழிக்கவே கூடாது. எக்ஸெல் எப்படி? செல்லில் விடை தெரியும். க்ளிக் செய்தால் ஃபார்முலா தெரியும். கேட் புரோகிராம்களோ ஆளுக்கு ஒரு வழியில் போகின்றன. சாலிட்வொர்க்ஸில் முதலில் = போட்டு எழுதினால் சமன்பாடாக வைத்துக்கொள்ளும்; போடாவிட்டால் விடைதான் மிஞ்சும். ஃப்யூஷனில் = இல்லாமல் எழுதினாலும் கணக்கு நிற்கும். இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேடில் = கீயைத் தட்டினால் ஃபார்முலாவுக்கென்றே தனிப் பெட்டி திறக்கும். ஆட்டோகேடில் 2009ல் வந்த 2010 பதிப்பு முதல் அளவுகளுக்குப் பெயர் வைத்து, ஒன்றை மற்றொன்றோடு இணைக்கலாம். ஆனால் அதே ஆட்டோகேடில் சாதாரண டைமென்ஷன் மேல் வேறு எண்ணை டைப் செய்தால் எழுத்து மட்டும்தான் மாறும், கோடு மாறாது. புதியவர் குழம்பாமல் என்ன செய்வார்?

இத்தனைக்கும் கோடுகளுக்கு இடையே உள்ள உறவை கம்ப்யூட்டரே நினைவில் வைத்துக்கொள்ளும் யோசனை பழையது. 1963லேயே ஐவன் சதர்லேண்ட் தன் ஸ்கெட்ச்பேட் புரோகிராமில் அதைச் செய்து காட்டினார். செய்த இடம் எம்.ஐ.டி. நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, அமெரிக்காவில் உள்ளது!

சரி, நாம் என்ன செய்யலாம்? முதலில், எண்ணோடு அலகையும் எழுதுங்கள். ஃப்ரீகேடில் 30க்குப் பின்னால் அடிக்கான எஃப், டி எழுத்துகளையும், 1க்குப் பின்னால் மீட்டருக்கான எம் எழுத்தையும் சேர்த்துவிட்டால் மாற்றும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். ஃபார்முலாவில் ஓர் எண்ணுக்கு அலகு போட்டு, அதிலிருந்து அலகில்லாத எண்ணைக் கழித்தால் பிழை என்று சொல்லி நிறுத்திவிடும். அந்தப் பிழைச் செய்தியைக் கண்டு எரிச்சல் வேண்டாம். அது உங்கள் மேஸ்திரி மாதிரி!

அடுத்து, முக்கிய அளவுகளுக்குப் பெயர் வையுங்கள். மனை அகலம், பக்க இடைவெளி, சுவர் கனம் என நான்கைந்து போதும். நாளை இடைவெளி மாறினால் ஓர் இடத்தில் மாற்றினால் போதும், மற்றவை தாமாக மாறிக்கொள்ளும்.

"எல்லாவற்றுக்கும் ஃபார்முலா போட்டால் சிக்கலாகிவிடாதா?" என்று கேட்பீர்கள். ஆகும். ஜன்னல் அகலம் சுவரைப் பார்க்க, சுவர் ஜன்னலைப் பார்க்க என்று சுற்றிவிட்டால் சாஃப்ட்வேர் ஏற்காது. அதனால் ஒன்றையொன்று உண்மையாகவே சார்ந்த அளவுகளுக்கு மட்டும் ஃபார்முலா போடுங்கள். கதவின் அகலம் 3 அடி என்றால் 3 அடி என்றே எழுதுங்கள்.

பள்ளிக்கூடத்தில் விடை சரியாக இருந்தாலும், வழிமுறை எழுதாவிட்டால் கணக்கு வாத்தியார் மார்க் குறைப்பார். அன்று கோபம் வந்தது. அந்த 28ஐப் பார்த்தபோதுதான் அவர் சொன்னது புரிந்தது. கேட் கற்றுக்கொள்ளப் போகிறீர்களா? முதல் நாளே சொல்லித் தருபவரிடம் கேளுங்கள்: "சார், நான் எழுதிய கணக்கு இதில் எங்கே இருக்கும்?" என்று. அதைக் காட்டச் சொல்லிவிட்டு, பிறகு கோடு போடக் கற்றுக்கொள்ளுங்கள். பிளான் எவ்வளவு அழகாக வந்தாலும், கடைக்கால் தோண்டுமுன் மேஸ்திரியிடமும் இன்ஜினீயரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.