மரித்தானா, பிழைத்தானா?



ஆராதனை முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் நம் இளைஞர்கள் சிலர், ஒரு மனிதன் மரித்தானா இல்லையா என்று சில வாரங்களாக வாதிட்டு வருவதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அந்த மனிதனின் பெயர் டோனி சொப்ரானோ. அவன் மெய்யான மனிதன் அல்லன். அமெரிக்காவின் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் 1999 ஜனவரியில் தொடங்கி, 2007 ஜூன் 10 அன்று 86-ஆம் பகுதியோடு நிறைவுற்ற 'தி சொப்ரானோஸ்' என்னும் குற்றத் தொடரின் நாயகன். நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு மாஃபியா கும்பலுக்குத் தலைவன். மனைவி, மகள், மகன் என்று குடும்பமும் உடையவன். இத்தொடரில் கொலையும் ஆபாசமும் மிகுதி. ஆகவே இதுவரை பாராதவர்கள் இதை வாசித்துவிட்டுத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணமன்று. பிரசங்கத்தில் இதைக் கண்டிக்கும்படி மூத்தவர்கள் சிலர் கேட்டுக்கொண்டார்கள். அதை வேறொரு நாள் பேசலாம். இந்த வாரம் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, நம் பிள்ளைகள் வாதிடும் அந்தக் கேள்விதான்.

கேள்வி பிறந்தது தொடரின் கடைசிக் காட்சியில். டோனி ஓர் எளிய உணவகத்திற்குள் வந்து அமர்கிறான். மனைவி கார்மெலா வருகிறாள், மகனும் வருகிறான், மகள் வெளியே காரை நிறுத்த முடியாமல் திண்டாடுகிறாள். மேலங்கி அணிந்த ஒருவன் உள்ளே வந்து, சற்று நேரம் அமர்ந்திருந்து, கழிவறைப் பக்கம் போகிறான். கதவின் மணி ஒலிக்கிறது. டோனி நிமிர்ந்து பார்க்கிறான். அந்த நொடியில் திரை கறுத்துப்போகிறது. ஏறத்தாழ 10 விநாடிகள் படமும் இல்லை, ஒலியும் இல்லை. பிறகு பெயர்ப்பட்டியல் ஓடுகிறது, இசையே இன்றி. கேபிள் இணைப்பு அறுந்துவிட்டது என்று எண்ணித் தொலைக்காட்சிப் பெட்டியைத் தட்டிப் பார்த்தவர்கள் அன்றிரவு அநேகர்.

அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை. அவன் மரித்தான் என்போர் நுட்பமான சான்று காட்டுகிறார்கள். அந்தக் காட்சி முழுவதும் மணி ஒலிக்கும்போது டோனி நிமிர்வான், பின்பு அவன் காண்பது நமக்குக் காட்டப்படும். கடைசி மணிக்கு அவன் நிமிர்ந்தபோது நமக்குக் காட்டப்பட்டது இருள். ஆகவே அவன் கண்டதும் இருளே என்கிறார்கள். சில பகுதிகளுக்கு முன் ஓர் ஏரியில், படகில் அமர்ந்து, சாவு வரும்போது அதன் சத்தம்கூட நம் காதில் விழாது போலும் என்று டோனியின் மைத்துனன் சொன்னதையும் நினைவூட்டுகிறார்கள். மற்றவர்களோ, மேலங்கிக்காரன் யாரோ ஒரு வழிப்போக்கன், குடும்பம் உண்டு முடித்து வீடு திரும்பியது, அஞ்சி அஞ்சி நிமிர்ந்து பார்ப்பதே அவனுக்கு வாழ்நாள் தண்டனை என்கிறார்கள். மேசையில் அவர்கள் ஒவ்வொருவராக வாயிலிடும் வெங்காய வளையங்களை நற்கருணை அப்பத்தோடு ஒப்பிடுவோரும் உண்டு. (இந்தக் கூர்மையில் பாதியையாவது லேவியராகமத்தின்மேல் செலவிட்டால் நம் வேதபாட வகுப்பு செழிக்கும்.) தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் பல ஆண்டுகள் நேரான பதில் தர மறுத்தார், பின்னாளில் பேட்டிகளில் அவர் உதிர்த்த சொற்களும் புதிய வாதங்களுக்கே விதையாயின.

இதைக் கேட்டுச் சிரிக்கும் பெரியவர்கள் யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். திபேரியா கடற்கரையில், காலை உணவுக்குப் பின், உயிர்த்தெழுந்த ஆண்டவர் பேதுருவின் முதுமையையும் அவர் மரிக்கப்போகும் விதத்தையும் அவருக்கே சொல்லுகிறார். எந்த மனிதனுக்கும் தாங்க அரிய செய்தி அது. பேதுரு என்ன செய்தார்? திரும்பிப் பார்த்து, பின்னால் வந்துகொண்டிருந்த மற்றொரு சீஷனின் கதி என்ன என்று வினவினார். நான் வருமளவும் அவன் இருக்கவேண்டுமென்று எனக்குச் சித்தமானாலும் அதனால் உனக்கு ஆகவேண்டியது என்ன, நீ என்னைப் பின்தொடர் என்பது ஆண்டவர் அளித்த மறுமொழியின் பொருள். இதிலிருந்து சகோதரருக்குள்ளே ஒரு பேச்சுப் பரவியது: அந்தச் சீஷன் மரிக்கவே மாட்டான்! ஒரு 'ஆல்' விகுதியின்மேல் எழுந்த கோட்பாடு. சுவிசேஷகர் தம் நூலை முடிக்கும் தறுவாயில் நின்று, ஆண்டவர் அப்படிச் சொல்லவில்லை, நிபந்தனையாகவே சொன்னார் என்று ஒரு வசனம் முழுவதையும் அதை மறுப்பதற்கே ஒதுக்குகிறார். ஆனால் அந்தச் சீஷன் எப்படி மரித்தான் என்பதை அவர் எழுதவில்லை. அப்போஸ்தலருடைய நடபடிகளும் பவுல் ரோமாபுரியில் வாடகை வீட்டில் 2 ஆண்டுகள் தங்கிப் போதித்தார் என்பதோடு நின்றுவிடுகிறது. அவர் முடிவை அறிய விரும்பிய வாசகர்களைப் பரிசுத்த ஆவியானவர் வெறுங்கையாகவே அனுப்பினார்.

எனவே, அறிய விரும்புவதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். என் மனதை உறுத்துவது வேறு. இந்த வாதங்களில் யாருடைய மரணம் எண்ணப்படுகிறது, யாருடையது எண்ணப்படுவதில்லை?

2001-இல் ஒளிபரப்பான 'பைன் பேரன்ஸ்' என்னும் பகுதியில், பனி மூடிய காட்டில் ஒரு ரஷ்யனைச் சுடுகிறார்கள். அவன் விழுகிறான், பிறகு காணாமற்போகிறான். தொடர் முடியும்வரை அவனைப் பற்றிய விடை வரவில்லை. அவன் என்ன ஆனான் என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். 2004-இலோ, விருந்துண்டபின் யார் பணம் கட்டுவது என்று டோனியின் ஆட்கள் இருவர் பூசலிட்டுக்கொண்டிருக்கையில், உணவு பரிமாறிய பணியாளர் ஒருவர் வண்டி நிறுத்துமிடத்திற்கு வந்து, கொடுத்த அன்பளிப்பு ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கிறார். ஒருவன் செங்கல்லை எறிகிறான். மற்றவன் சுட்டுக் கொல்கிறான். அவருக்குக் கொடுத்த பணத்தையும் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பணியாளரைப் பற்றி எந்தக் கோட்பாடும் பிறக்கவில்லை. அவர் மரித்தது ஐயமறத் தெரிகிறதே! புதிர் இல்லாத மரணத்தில் பேச என்ன இருக்கிறது? அவருக்கு வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று தொடரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. இரண்டு காசுக்கு விற்கும் ஐந்து குருவிகளில் ஒன்றையும் தேவன் மறப்பதில்லை என்று ஆண்டவர் சொன்னதை லூக்கா 12-இல் வாசிக்கும் நாம், அவ்விடத்தில் குருவியைவிட மலிவான ஒரு மனிதனைக் கடந்து போகிறோம்.

அட்ரியானா என்னும் பெண்ணின் கதையும் அந்த 2004-இல்தான் முடிந்தது. காவல்துறைக்குத் தகவல் தரும்படி நெருக்கப்பட்டவள் அவள். அதை நம்பி ஒப்புவித்த தன் காதலனாலேயே காட்டிக்கொடுக்கப்படுகிறாள். அவன் மருத்துவமனையில் இருப்பதாகப் பொய் சொல்லி, அவளைக் காரில் ஏற்றிக் காட்டுக்குள் கொண்டுபோகிறார்கள். உதிர்ந்த இலைகளின்மேல் அவள் தவழ்ந்து போகிறாள். குண்டு பாயும் சத்தம் கேட்கிறது. உடலை நாம் காண்பதில்லை. காணாததால், அவள் தப்பித்திருக்கலாம் என்று நம்பியவர்கள் பலர். அந்த நம்பிக்கையை நான் ஏளனம் செய்யேன். கொல்லப்பட்டவள் பிழைத்திருக்கக் கூடாதா என்று ஏங்குவது நல்ல மனம்.

இதன் தொடர்ச்சியாக வரும் ஒன்றை ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. இத்தொடரில் வேறெந்தச் சாவைக்காட்டிலும் என்னைத் துன்புறுத்துவது இதுவே. அட்ரியானா எங்கே போனாள் என்று டோனியின் மனைவி கார்மெலாவுக்கு உள்ளூர ஓர் ஐயம் எழுகிறது. பாரீஸ் நகரத்தில் கனவில் அவளைக் காண்கிறாள். தனியார் துப்பறிவாளரை அமர்த்தித் தேடலாம் என்று நினைக்கிறாள். அப்போது அவள் விற்பனைக்கென்று கட்டி வந்த வீடொன்று, அதிகாரியின் தடையால் நின்றுபோயிருந்தது. டோனி ஆளை அனுப்பி அந்தத் தடையை நீக்குகிறான். வேலை மறுபடியும் தொடங்குகிறது. கார்மெலா சுவர்களையும் கூரையையும் கவனிக்கப் போய்விடுகிறாள். துப்பறிவாளரை அழைப்பது நடக்கவே இல்லை. அவள் வேண்டுமென்றே மறந்தாளா? அப்படியும் சொல்லமுடியாது. கையில் வேலை இருந்தது, அவ்வளவுதான்.

பிரியமானவர்களே, அவள் கேட்கத் தொடங்கிய கேள்வி, உலகத்தின் முதல் கொலைக்குப் பின் தேவன் காயீனிடம் கேட்டது. ஆதியாகமம் 4-ஐப் பாருங்கள். ஆபேல் எந்த ஆயுதத்தால், எந்த வேளையில் கொல்லப்பட்டான் என்று வேதம் விவரிப்பதில்லை. வயலில் நடந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. சகோதரன் எங்கே என்பதே கேள்வி. கேட்கப்பட்டவன் அதற்கு விடை சொல்லாமல், தான் அவனுக்குக் காவலாளியோ என்று எதிர்க்கேள்வி எழுப்பித் தப்பப் பார்க்கிறான். கார்மெலாவுக்கு ஒரு வீடு கிடைத்ததுபோல அவனுக்கு அந்த எதிர்க்கேள்வி கிடைத்தது.

டோனியாக நடித்த ஜேம்ஸ் காண்டோல்ஃபினி 2013 ஜூன் 19 அன்று ரோம் நகரில், தம் 51-ஆம் வயதில் திடீரென்று மரித்தார். கடைசிக் காட்சி படமாக்கப்பட்ட உணவகம் நியூஜெர்சியின் ப்ளூம்ஃபீல்டு நகரில் உள்ள ஹோல்ஸ்டன்ஸ். செய்தி வந்ததும் அவர் அமர்ந்து நடித்த மேசையில் யாரையும் அமரவிடாமல், அவர் நினைவாக அது ஒதுக்கப்பட்டது என்று ஒரு சிறு அறிவிப்பை அங்கே வைத்தார்கள். ஆறு ஆண்டுகளாக எந்த மேசையைச் சுற்றி இத்தனை வாதங்கள் நடந்தனவோ, அதே மேசை. அதன்மேல் ஒரு துண்டு அட்டை.

நம்மிடையே ஒருவர் இளவயதில் திடீரென்று மரித்தால் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? இதை எழுதத் துணிந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். அடக்க ஆராதனையின் நேரம் அறிவிக்கப்படும் முன்னரே மரணத்தின் காரணம் வாட்ஸ்அப்பில் அறிவிக்கப்பட்டுவிடுகிறது. கடைசியாக யாரோடு பேசினான், கைப்பேசி யாரிடம் இருக்கிறது, பிரேதப் பரிசோதனை எதற்கு, பெட்டியை ஏன் மூடியே வைத்தார்கள், கடனா, காதலா, குடியா? தாயார் அமர்ந்திருக்கும் அறைக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலிகளில் அமர்ந்து, தாழ்ந்த குரலில் நாம் பேசுகிறோம். கதவு திறந்திருக்கிறது. அந்தத் தாயின் காதில் விழாது என்று எண்ணிக்கொள்கிறோம். இளைஞர்கள் ஒரு கற்பனை மனிதனைக் குறித்துச் செய்வதைக் கண்டிக்கும் பெரியவர்கள், மெய்யான பிள்ளையைக் குறித்து இதைச் செய்வது எனக்கு அதிகக் கொடுமையாகத் தோன்றுகிறது. டோனியின் தாய் அதைக் கேட்டு இரவெல்லாம் விழித்திருக்கமாட்டாள்.

ஆண்டவரிடமும் இத்தகைய பேச்சோடு சிலர் வந்தார்கள். பலி செலுத்துகையில் பிலாத்துவால் கொல்லப்பட்ட கலிலேயரைப் பற்றிச் சொன்னார்கள். லூக்கா 13-இல் இருக்கிறது. மரித்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளாயிருக்கவேண்டும் என்ற ஊகம் அவர்கள் உள்ளத்தில் இருந்தது. அவர்கள் கேளாத மற்றொரு துயரத்தையும் ஆண்டவரே எடுத்துச் சொன்னார்: சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர். அவர்கள் எருசலேமின் மற்றக் குடிகளைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்றார். கோபுரம் ஏன் விழுந்தது என்று அவர் விளக்கவில்லை. கேட்டவர்களை மனந்திரும்பச் சொன்னார்.

துக்க வீடுகளில் நான் கண்ட மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். காரணம் உறுதியாகத் தெரிந்த பிறகு வருகிறவர்கள் குறைந்துவிடுகிறார்கள். மருத்துவ அறிக்கை வந்து, மாரடைப்புத்தான் என்றோ, வேறு எதுவென்றோ தெளிந்துவிட்டால், பேச்சும் ஓய்கிறது, வாசலில் செருப்புகளும் குறைகின்றன. மூன்றாம் மாதத்தில் அந்தப் பெற்றோர் மரித்த பிள்ளையின் பெயரைச் சொல்ல ஓர் ஆளைத் தேடுகிறார்கள். அவன் என்ன பாட்டை விரும்பினான், ஓய்வுநாள் பள்ளியில் எந்த வசனத்தை எப்போதும் தப்பாகச் சொல்வான், எந்தச் சட்டையைத் துவைக்கவே விடமாட்டான் என்றெல்லாம் பேச அவர்களுக்கு ஆசை. அதைக் கேட்க யாரும் இல்லை.

இவ்வாண்டு நம் சபையில் பிள்ளைகளை இழந்த மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின், பிற்பகல் 3 மணிக்கு அவர்களைச் சந்திக்கப் போகிறோம். டோனியைப் பற்றி வாதிடும் நம் இளைஞர்களில் நால்வர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் இருவர், மரித்த ஒரு பிள்ளையோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவனைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் ஏராளம் இருக்கிறது. வர விரும்பும் மற்றவர்கள் சனிக்கிழமைக்குள் சபைச் செயலரிடம் பெயர் கொடுங்கள். வேனில் இன்னும் ஆறு பேருக்கு இடம் உண்டு.