ரேகை வேண்டும், கைத்திறன் வேண்டாமா?

1930ஆம் ஆண்டு தங்கச் சுரங்கத்தில் ஆயிரக்கணக்கான நம் பாட்டனார்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எதற்காக? தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிய வேண்டும் என்று வந்த கட்டளையை எதிர்த்து! தங்கத்தை வெட்டித் தருகிறவனையே திருடனைப் போல் ரேகை எடுப்பதா என்று அவர்கள் மானத்தோடு கேட்டார்கள்.

இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் போகிறார்கள். ஆலை வாசலில் ஒப்பந்தக்காரரின் இயந்திரத்தில் விரலை அழுத்துகிறார்கள். ரேகை பதிவாகிறது, விரலின் திறமை மட்டும் எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை!

அந்த விரல் உள்ளே போய் என்ன செய்கிறது? டூல் ரூமில் பஞ்சும் டையும் செய்கிறது. ஒரு மில்லிமீட்டர் தகட்டை வெட்டும் டை என்றால், பஞ்சுக்கும் டைக்கும் நடுவே பக்கத்துக்கு ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். தலைமுடியின் பருமனைவிடக் குறைவு! கூடினால் வெட்டிய உருப்படியில் பிசிறு நிற்கும்; குறைந்தால் டையின் விளிம்பு உடையும். இயந்திரம் எவ்வளவு புதியதானாலும், கடைசியில் உரசிப் பார்த்து, நீல மை தடவிப் பொருத்தி, மைக்ரோமீட்டரில் அளந்து சரி என்று சொல்வது தொழிலாளியின் கைதான். அப்படிச் செய்த ஒரே டையில் லட்சக்கணக்கான உருப்படிகள் வெளிவருகின்றன.

அவனுடைய சம்பளச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? 'ஹெல்பர்'!

இது எழுத்துப் பிழையல்ல. கணக்குப் போட்டுச் செய்த மோசடி. குறைந்தபட்சக் கூலி, திறனற்றவர், அரைத்திறனாளர், திறனாளர் என்று தரம் பிரித்தே நிர்ணயிக்கப்படுகிறது. பெயரைக் குறைத்தால் கூலி தானாகக் குறையும். ஒப்பந்தக்காரர் மாறினால் பத்து வருட அனுபவமும் முதல் நாளாகிவிடும்.

இந்தத் தந்திரம் நமக்குப் புதிதா? வெள்ளைக்காரக் கம்பெனிக் காலத்தில் மேற்பார்வை நாற்காலி ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும். பாறை குடையும் வேலை பெரும்பாலும் வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்து வந்த ஆதிதிராவிட மக்களுக்கு. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சுரங்கத்தில் ஆள் இறக்கும் எந்திரமும், காற்றழுத்தும் எந்திரமும், பம்பும் ஓடியது எப்படி? ஒர்க்‌ஷாப்பில் லேத் பிடித்த கைகளால்தான். 1964இல் பெமல் வந்தபோது இந்த ஊரில் கைத்தொழில் மேலும் வளர்ந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். குழியை மூடலாம், தலைமுறைகளாகச் சேர்ந்த தொழிலறிவை மூட முடியுமா?

"சான்றிதழ் இல்லையே, நாங்கள் என்ன செய்ய?" என்கிறார்கள். நல்ல கேள்வி! படித்து வரவில்லை என்றால் சோதித்துப் பாருங்கள். அனுபவத்தால் கற்ற தொழிலைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு அரசிடமே இருக்கிறது. வரைபடத்தைக் கொடுங்கள், இரும்பைக் கொடுங்கள், செய்து காட்டுகிறோம். வேலை வாங்கும்போது கேட்காத சான்றிதழ், கூலி கொடுக்கும்போது மட்டும் ஏன் நினைவுக்கு வருகிறது?

நம் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். "வேலை கிடைத்ததே பெரிது, வாயை மூடு" என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னவர்கள் நாம்தானே! நியமனக் கடிதம் எங்கே என்று கேட்காமல் சம்பளத்தை மட்டும் எண்ணி வாங்கியவர்களும் நாமே.

தாய்மார்களே, தோழர்களே! இந்த மாதம் ஒரு காரியம் செய்வோம். வீட்டிலுள்ள சம்பளச் சீட்டை எடுத்து, வேலையின் பெயர் என்னவென்று பார்ப்போம். செய்கிற தொழிலும் எழுதிய பெயரும் வேறானால் சீட்டோடு சங்கத்துக்கு வருவோம். நம் கோரிக்கை மூன்று: செய்யும் தொழிலின் பெயர் நியமனக் கடிதத்தில் வேண்டும், அந்தத் தொழிலுக்குரிய கூலி வேண்டும், ஒப்பந்தக்காரர் மாறினாலும் பணிக்காலம் தொடர வேண்டும்.

ஒருவர் கேட்டால் நாளைக்கு வேலை இல்லை என்பார்கள். ஒரு ரயில் முழுவதும் கேட்டால்? பாட்டன் ரேகை தர மறுத்தான். பேரன் தன் தொழிலின் பெயரைக் கேட்கிறான். இரண்டும் ஒரே மானம்தான்!