கோவா தூரம், கீழக்குயில்குடி பக்கம்

மதுரைக்கு மேற்கே, தேனி நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 13 கிலோமீட்டரில் இருக்கிறது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1978இல் காமராசர் பெயரைப் பெற்றது. அந்த வட்டாரத்தில் வேறு கல்லூரிகளும் விடுதிகளும் உண்டு. பக்கத்து மாவட்டத்துப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மாலையே பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். தூரத்து ஊர்க்காரர்கள் விடுதியிலேயே தங்கிவிடுவார்கள். அவர்களுடைய சனி, ஞாயிறு பெரும்பாலும் துணி துவைப்பதிலும் கைப்பேசியிலும் கழிகிறது. மிஞ்சினால் மதுரைக்குப் போய் ஒரு சினிமா. விடுதி அறையில் இருந்து எட்டிப் பார்க்கும் தொலைவில் நிற்கும் மலைகளில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே முதுகலை முடித்துப் போகிறவர்கள் ஏராளம். இதை மாணவர்களின் அக்கறையின்மை என்று சொல்லித் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் இதில் பெரும்பங்கு விடுதி விதிகளுக்கும் பேருந்து அட்டவணைக்கும் உண்டு.

நாகமலைப் புதுக்கோட்டையில் இறங்கித் தெற்கே திரும்பினால் சில கிலோமீட்டரில் கீழக்குயில்குடி. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மேலே சமணர் மலை. ஒரு பக்கம் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. அங்கே அமர்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரர் உருவத்தைச் செட்டியார் என்று ஊர்க்காரர்கள் நினைத்துக்கொண்டதால் வந்த பெயர் அது. குகையின் உட்கூரைச் சிற்ப வரிசையில் சிங்கத்தின் மேல் ஏறி, யானை மேல் வருபவனோடு போரிடும் இயக்கியைப் பார்க்கலாம். மலையின் இன்னொரு பக்கம் பேச்சிப்பள்ளம். அங்கே ஒரு சுனை, அதற்கு மேலே பாறையில் வரிசையாகச் சமண உருவங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து வரிகள். கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அச்சணந்தி என்ற சமண முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று அதில் ஒரு வரி சொல்கிறது. துறவியான மகனின் பெயரோடு தன் பெயரையும் பாறையில் நிறுத்திய அந்தத் தாயைப் பற்றி வேறு எதுவும் சொல்லாமல் முடிந்துவிடுகிறது அந்தக் கல்வெட்டு. வகுப்பறைச் சுவரில் தொங்கும் வட்டெழுத்து அட்டவணையை வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்கப் படிப்பதைவிட, காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அந்த ஒரு வரியை எழுத்துக் கூட்டிப் படிக்கும் மாணவி அதிகம் கற்றுக்கொள்வாள்.

ஊரின் வரலாறு சமணத்தோடு நின்றுவிடவில்லை. 1914இல் குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரை வட்டாரத்தில் முதலில் பாய்ந்தது கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மீதுதான். கைரேகை பதிய வேண்டும், இரவில் ஊரைவிட்டு வெளியேறக் கூடாது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். சென்னை மாகாணத்தில் அது நீங்க 1947 ஆக வேண்டியிருந்தது. சமூகவியலோ வரலாறோ படிக்கும் மாணவருக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு பாடம் கிடைக்காது. இதே மலைத்தொடர் பக்கம் கொங்கர் புளியங்குளத்தில் தமிழி எழுத்துகள் இருக்கின்றன. மதுரையின் மறுபுறம், ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரத்தில், 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம்.

இதற்கு நேர்மாறாக நடப்பது ஐ.வி. தொழிற்சாலைப் பார்வை என்ற பெயரில் கல்லூரிகள் ஏற்பாடு செய்யும் நான்கு நாள் சுற்றுலா. அரை நாள் ஏதோ ஒரு பிஸ்கட் கம்பெனியிலோ பால் பண்ணையிலோ தலைகாட்டிவிட்டு, மீதி நாட்கள் ஊட்டியோ பெங்களூரோ கோவாவோ. தலைக்கு ஆயிரக்கணக்கில் செலவு. கட்ட முடியாத பிள்ளை காய்ச்சல் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். ஐ.வி.யில் ஆட்டம் பாட்டம் கூடாது என்பதல்ல இங்கே வாதம். இருபது வயதில் அதுவும் வேண்டும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை நிர்வாகமே பேருந்து பிடித்து வெளிமாநிலத்துக்கு அனுப்புகிறது. அதே நிர்வாகம் பக்கத்து ஊருக்குப் போக ஞாயிற்றுக்கிழமை அவுட்பாஸ் கேட்டால் நூறு கேள்வி கேட்பதற்கு என்ன நியாயம்?

அந்தக் கேள்விகளும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. தமிழ்நாட்டின் பல விடுதிகளில் ஆண்கள் கேட்டைத் தாண்டும்போது யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பெண்கள் விடுதியில் மட்டும் வார்டன் கையெழுத்து, அப்பாவின் போன், இருட்டுவதற்கு முன் வருகைப் பதிவு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இதைத் தெளிவாகவே மறுக்கின்றன: மாணவியரின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத விதியைப் பெண்கள் விடுதியில் போடக்கூடாது. 2022இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவியர் இரவு 9.30 மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றம் வரை போனார்கள். அந்த வழக்கின் சூட்டில்தான் இருபாலருக்கும் பொதுவான அரசாணை அங்கே வந்தது. இங்கே அவ்வளவு தூரம் போகாமலேயே நிர்வாகங்கள் திருந்த முடியும்.

‘ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு’ என்பது வார்டன்களின் வழக்கமான பதில். அதில் உண்மை இல்லாமலில்லை. அருவியிலும் அணையிலும் மாணவர்கள் மூழ்கிய செய்தி ஆண்டுதோறும் வருகிறது. ஆனால் தடை போட்டால் பயணம் நிற்பதில்லை, பொய்தான் கூடுகிறது. அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்று எழுதிவிட்டு அருவிக்குப் போகும் மாணவன் எங்கே இருக்கிறான் என்பது ஆபத்து நேரத்தில் யாருக்கும் தெரியாது. எங்கே, யாரோடு, எப்போது திரும்புவது என்ற மூன்றையும் பயமின்றி எழுத முடிகிற பதிவேடுதான் உண்மையான பாதுகாப்பு. அதை மாணவனும் மாணவியும் ஒரே மாதிரி எழுத வேண்டும்.

வழிகாட்ட ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் பேச்சு எழுந்த 2010இல், எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்த பசுமை நடை, மதுரையின் மலைகளுக்கு மக்களைக் கூட்டிப்போய்த் தொல்லியல் அறிஞர்களைக் கொண்டு அங்கேயே விளக்கம் சொல்ல வைத்தது. குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஒரு தன்னார்வக் குழுவால் முடிந்ததை, தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் செய்ய முடியாதா? மாதம் ஒரு ஞாயிறு, ஒரு பேராசிரியர் அல்லது ஆய்வு மாணவர், அவர்களோடு முப்பது பேர். மதிப்பெண் கிடையாது, வருகைக் கட்டாயமும் கிடையாது. வருகிறவர்கள் வந்தால் போதும்.

மிச்சம் இருப்பது போக்குவரத்து. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே மாணவியருக்குக் காசு தடையில்லை. நெடுஞ்சாலையில் தேனி, உசிலம்பட்டி வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. மலையடிவாரம் வரை போகும் வண்டிதான் வேண்டும். பல்கலைக்கழக வாசலில் ஞாயிறு காலை 6.30க்குக் கிளம்பிக் கீழக்குயில்குடிக்கு ஒரு டவுன் பஸ், 10.30க்குத் திரும்ப ஒன்று: போக்குவரத்துக் கழகத்திடம் நிர்வாகம் கேட்க வேண்டியது இவ்வளவுதான். மதுரை வெயிலில் பத்து மணிக்கு மேல் அந்தப் பாறையில் வெறுங்கால் வைக்க முடியாது. எனவே விடுதிக் கேட்டும் ஆறு மணிக்கே திறக்க வேண்டும், மெஸ்ஸில் இட்லியைப் பொட்டலமாகக் கட்டித் தர ஆள் வேண்டும்.