மணற்சட்டியில் ஒரு கேக்

கல்லூரி ஆசிரியர்க்கு வரவு இடாப்பைப் போல உண்மை பேசும் நூல் வேறொன்றில்லை. மழைநாளில் வாராதவர் யார், அரிவி வெட்டுக் காலத்தில் வாராதவர் யார் என்பவற்றையெல்லாம் அது ஒளிக்காமற் சொல்லிவிடும். சென்ற ஆண்டு அது நமக்கு வேறொரு செய்தியைச் சொல்லிற்று. ஒரு நாளும் தவறாத மாணவன் ஒருவன் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. மறுநாள் காரணம் வினவினோம். "காய்ச்சல், சேர்" என்றான். காய்ச்சல் கண்டவன் முகமாக அது தோன்றவில்லை. பின்னர் அவன் தோழன் வாயிலாக உண்மையை அறிந்தோம். அந்தத் திங்கட்கிழமை அவனுடைய பிறந்த நாள்.

பிறந்த நாளன்று வகுப்பில் உள்ளோர்க்கெல்லாம் ரொபியோ கேக்கோ கொடுத்தல் வேண்டும் என்பது இன்று பிள்ளைகளுக்குள்ளே எழுதப்படாத சட்டமாகிவிட்டது. கொடுக்க இயலாதவன் என்ன செய்வான்? பாயிற் படுத்துக் காய்ச்சல் என்கின்றான். மகிழ்ந்திருக்க வேண்டிய ஒரு நாள், ஒளிந்திருக்கும் நாளாகிவிடுகின்றது.

இச்செய்தி நம் மனத்தை உறுத்திக்கொண்டிருந்த காலத்திலேதான் நமது இளைய மகளின் ஒன்பதாவது பிறந்த நாள் நெருங்கிற்று. "அப்பா, என்ரை படம் போட்ட கேக் வேணும்" என்றாள் அவள். புதுக்குடியிருப்புச் சந்திப்பக்கம் சென்று விலை கேட்டோம். ஒரு கூலித் தொழிலாளியின் இரண்டு நாள் உழைப்புக்குக் குறையாத தொகை அது. ஆசிரியர் சம்பளத்தில் அதனை வாங்குதல் இயலாததன்று. எனினும் அந்த மாணவனின் முகம் கண்முன் வந்து நின்றது. நம் மகள் அக்கேக்கை வகுப்புக்குக் கொண்டு செல்வாள். அதனைக் கண்டு வீட்டுக்குப் போய் அழும் பிள்ளை எது என்பது நமக்குத் தெரியாது.

நமது தயக்கத்தைக் கண்ட அன்னையார் ஒரு வழி சொன்னார்: "ஏன் தம்பி, கடைக்கு ஓடுறாய்? மணற்சட்டி இருக்குத்தானே!"

மணற்சட்டி என்பது யாது என இளைய வாசகர் வினவலாம். வன்னியில் நெடுங்காலம் பொது மின்சாரம் இல்லை. வீட்டில் மின்போறணை வைத்திருத்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை. வெதுப்பகத்தார் பாண் சுட்டெடுத்த பின்னர் அவர்களுடைய போறணைச் சூட்டிலே தட்டுகளைக் கொடுத்து வேகவைத்தோர் சிலர். வீட்டு முற்றத்திலேயே மணற்சட்டி ஏற்றியோர் பலர். பாண், போறணை என்னும் சொற்களிரண்டும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. கேக் என்பதோ ஆங்கிலேயரிடமிருந்து வந்தது. ஆயினும் விறகும் மணலும் சிரட்டைத் தணலும் நம்முடையவை.

அளவு முறையும் மிக எளிது. 1747ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹன்னா கிளாஸ் அம்மையார் வெளியிட்ட சமையல் நூலிலேயே மாவும் வெண்ணெயும் சீனியும் ஒவ்வோர் இறாத்தல் சேர்த்துச் செய்யும் கேக் காணப்படுகின்றது. ஓர் இறாத்தல் ஏறக்குறைய 454 கிராம். நம் குடும்பத்துக்கு அதிற் பாதியளவே போதும் என்பதால் பின்வருமாறு கொண்டோம்: கோதுமை மா 250 கிராம், சீனி 250 கிராம், பட்டர் அல்லது மாஜரின் 250 கிராம், முட்டை ஐந்து, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, வனிலா ஒரு தேக்கரண்டி. ஓடு நீங்கிய முட்டை ஒன்று சுமார் 50 கிராம் நிறை உள்ளதாகலின் ஐந்து முட்டையும் 250 கிராம் ஆகும். நான்கு பொருளும் சம நிறை. வீட்டுக் கோழியின் சிறிய முட்டையாயின் ஆறு வேண்டும். இந்தக் கணக்கை மகளே போட்டுச் சொன்னாள்.

தொழில்களைப் பங்கிட்டோம். மூத்தவன் பட்டரையும் சீனியையும் மர அகப்பையால் அடித்துக் குழைத்தான். "கை நோகுது" என்று அவன் இருமுறை நிறுத்தியபோது காரணத்தை எடுத்துரைத்தோம். சீனி மணிகளின் கூரிய விளிம்புகள் பட்டருக்குள்ளே நுண்ணிய காற்றறைகளை உண்டாக்குகின்றன. மஞ்சள் நிறம் வெளிறி, குழையல் பஞ்சுபோல் ஆகும் வரை அடித்தால்தான் அந்தக் காற்று நிறையச் சேரும். பேக்கிங் பவுடர் புதிதாக அறைகளைத் தோற்றுவிப்பதன்று. உள்ள அறைகளைக் காபனீரொட்சைட்டு வாயுவினால் ஊதிப் பெருக்குவதே அதன் தொழில். ஆகவே கை நோகாமற் கேக் பொங்காது. இதனைக் கேட்ட பின் அவன் நிறுத்தவில்லை.

மகள் முட்டைகளை ஒவ்வொன்றாகத் தனிக் கோப்பையில் உடைத்து, கெட்டதில்லை என்று கண்டு, பின்னர் குழையலிற் சேர்த்தாள். பேக்கிங் பவுடர் கலந்து மும்முறை அரித்த மாவை நம் இல்லாள் சிறிது சிறிதாகத் தூவ, மகள் மெதுவாகக் கலந்தாள். மா சேர்ந்த பின் பலமாக அடித்தலாகாது. கோதுமை மாவிலுள்ள புரதம் இறுகி, கேக் பாண்போல் இழுபடும்.

இனி அடுப்பு. அடிகனமான பெரிய அலுமினியப் பானையில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு நன்கு காய்ந்த மணலைப் பரப்பி, அதன்மேல் சிறு தகர வளையம் ஒன்றை வைத்து, மூடிக் கால்மணி நேரம் சூடேற்றினோம். பின்னர் பட்டர் பூசி மாத் தூவிய கேக் தகரத்தை வளையத்தின்மேல் வைத்து, தட்டையான மூடியால் மூடி, மூடியின்மேல் சிரட்டைத் தணலைப் பரப்பினோம். கீழே விறகைக் குறைத்துச் சிறு தீயாக்கினோம். நெருப்பைக் கையாளுதல் பெரியோர் கடமை. பிள்ளைகள் நான்கடி தள்ளியே இருத்தல் வேண்டும்.

நிற்க. இவ்வாறு முதன்முறை செய்தது பிறந்த நாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, ஓர் ஒத்திகையாக. அந்த ஒத்திகை பிழைத்தது. பிழை பிள்ளைகளுடையதன்று, நம்முடையதே. பதினைந்து நிமிடம் கழிந்ததும் எழுந்த நறுமணம் நம்மை இழுக்க, மூடியைத் தூக்கிப் பார்த்தோம். அழகாகப் பொங்கியிருந்த கேக் நம் கண்முன்னே நடுவில் தாழ்ந்து குழியாயிற்று. முட்டைப் புரதம் இறுகி, மாப்பொருள் வெந்து நிலைக்கு வருமுன் குளிர்காற்றுப் பட்டால் வாயுவறைகள் சுருங்கிவிடும் என்பதை வகுப்பில் விளக்கக்கூடிய நாமே அதனை மறந்தோம். மகள் சிரித்தாள்; மூத்தவன் சிரிப்பை அடக்கினான்; அன்னையார் அடக்கவில்லை. குழிந்த கேக்கைக் கரண்டியால் தோண்டி உண்டோம். சுவைக்குக் குறைவில்லை.

பிறந்த நாளன்று மூடியைக் காக்கும் பொறுப்பை மகள் ஏற்றாள். முதல் அரைமணி நேரம் எவரும் மூடியைத் தொடலாகாது என்பது அவள் ஆணை. அந்த நேரத்தைக் கதைகளாற் கழித்தோம். பேர்மிங்காம் நகரில் மருந்து விற்ற அல்பிரட் பேர்ட் என்பவர், மதுவம் சேர்ந்த உணவு தம் மனைவிக்கு ஒவ்வாமையால், 1843ஆம் ஆண்டில் பேக்கிங் பவுடரை ஆக்கிய கதையைக் கூறினோம். கேரளத்துத் தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்னும் வெதுப்புத் தொழிலாளர், தோட்டத் துரை ஒருவர் கொடுத்த கேக்கைச் சுவைத்துப் பார்த்து, உள்ளூரிற் கிடைத்தவற்றைக் கொண்டே 1883ஆம் ஆண்டில் நத்தார்க் கேக் செய்தார் என வழங்கும் கதையையும் கூறினோம். உள்ள பொருளைக் கொண்டு செய்தல் வன்னியார்க்கு மட்டும் உரிய கலையன்று என்பதைப் பிள்ளைகள் அறிந்தனர்.

மகள் கேட்டாள்: "அப்பம்மா, உந்தத் தகரம் ஏன் ஒரு பக்கம் நெளிஞ்சு கிடக்குது?"

அன்னையார் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் சொன்னார். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது அந்தத் தகரத்தையும் சில பாத்திரங்களையும் கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போனோம். அதன் பின்வந்த மாதங்களில் மாவும் சீனியும் கிடைத்தற்கரியவாயின, கஞ்சியே உணவாயிற்று. அதன் பின் செட்டிகுளத்து முகாம். ஊர் திரும்பியபோது வீட்டுக்குக் கூரையில்லை. கிணற்றடியைத் தோண்டினோம். பாத்திரங்களுட் பல உடைந்திருந்தன. இத்தகரம் மட்டும் ஒரு பக்கம் நெளிந்து கிடைத்தது. "தட்டி நிமிர்த்தலாம்தான். நான் விடேல்லை" என்றார் அன்னையார். ஏன் என்று பிள்ளைகள் கேட்கவில்லை. மூத்தவன் எழுந்து சென்று, ஆறிய தணலை மாற்றிப் புதுத் தணல் இட்டான்.

ஐம்பது நிமிடம் கழிந்தது. தென்னை ஈர்க்கொன்றைக் கழுவி நடுவிற் குத்தி எடுத்தாள் மகள். ஈர்க்கிற் பசை ஒட்டவில்லை. கேக் வெந்துவிட்டது. நெளிந்த பக்கத்தில் கேக்கும் நெளிந்தே வந்தது. படம் இல்லை, கிறீம் பூச்சு இல்லை. "இது எங்கடை கேக் எண்டு பாத்தவுடனை தெரியும்" என்றாள் அவள். மறுநாள் அதனைச் சிறு துண்டுகளாக வெட்டி வகுப்புக்குக் கொண்டு சென்றாள். "இதனை நீயே செய்தாயா?" என்று கேட்ட தோழியர்க்கெல்லாம் செய்முறையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

முட்டை சேர்க்காத வெள்ளிக்கிழமைகளுக்கும் விரதக் குடும்பங்களுக்கும் வேறொரு முறை உண்டு. ஒன்றரைக் கோப்பை மா, முக்காற் கோப்பை சீனி, ஒரு கோப்பை தயிர், அரைக் கோப்பை எண்ணெய், அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் ஆகியன போதும். தயிரின் புளிப்பு அமிலமும் அப்பச்சோடாவும் கூடி வாயுவை உண்டாக்கும். கலந்தவுடன் அடுப்பேற்றுதல் வேண்டும். பட்டரும் முட்டையும் இல்லாமையாற் செலவும் குறைவு.

அந்த மாணவனை நாம் மறக்கவில்லை. ஆனால் அவனைத் தனியே அழைத்து அறிவுரை கூறுதல் அவனை மேலும் நாணச் செய்யும். வெப்பம் இடம்பெயரும் முறைகளைக் கற்பிக்கும் பாடம் வந்தபோது மணற்சட்டியையே உதாரணமாகக் கரும்பலகையில் வரைந்தோம். தீயின் வெப்பம் பானைக்கும் மணலுக்கும் ஏறுவது கடத்தல். பானைக்குள்ளே சூடான காற்று மேலெழுந்து சுழல்வது மேற்காவுகை. தணலேறிய மூடியிலிருந்து கேக்கின் மேற்புறத்துக்கு வருவது கதிர்வீசல். மணல் வெப்பத்தைத் தேக்கி மெல்ல மெல்லக் கொடுப்பதால் அடி கருகுவது குறையும். அளவுகளையும் எழுதிப் போட்டோம். 2022ஆம் ஆண்டில் எரிவாயு கிடைக்காது நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்ற காலத்தை நினைவிற் கொண்ட மாணவர், "அப்ப எங்கடை வீட்டிலையும் விறகடுப்புத்தான், சேர்" என்றனர். அவன் ஒன்றும் பேசவில்லை. குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தான்.

மூன்று வாரம் சென்றபின் ஒரு காலை அவன் ஆசிரியர் அறை வாயிலில் நின்றான். கையில் வாழையிலைச் சுருள் ஒன்று. "அம்மான்ரை பிறந்த நாள், சேர். நானும் தங்கச்சியும் செய்தனாங்கள். அடி கொஞ்சம் கருகிப்போச்சு" என்றான். தன் பிறந்த நாளையே அந்தத் தாய் மறந்திருந்தாளாம். கருகிய அடியையும் விடாமல் உண்டோம். மணலை இன்னும் ஒரு விரற்கடை கூட்டும்படி சொன்னோம்.

கடையிற் கேக் வாங்குதல் குற்றமென்று நாம் கூறவில்லை. வெதுப்பகத்தார்க்கும் பிழைப்பு வேண்டும். ஆனால் வாங்கிய கேக்கை வைத்து ஒரு பிள்ளையின் மதிப்பை மற்றப் பிள்ளைகள் அளக்கும் வழக்கம் நம் வகுப்பறைகளிலிருந்து நீங்குதல் வேண்டும். அதனைச் சட்டத்தால் நீக்க இயலாது. தன் கையாற் செய்து கொடுக்கும் பெருமையைப் பிள்ளைகள் ஒருமுறை சுவைத்துவிட்டால் அது தானே நீங்கும். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலும், ஒரு பழைய பானையும், மூடியைத் திறவாத பொறுமையும் போதும்.

அம்மாணவனின் பிறந்த நாள் அடுத்த தவணையில் வருகின்றது. அன்று காலை வரவு இடாப்பை நாம் கவனமாகப் பார்ப்போம்.