காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா?

தெருவில் இரண்டு வீட்டு விளக்குகள் ஒரே நொடியில் அணைந்தால், இரு வீட்டுக்கும் நடுவே ரகசியமாக வயர் ஓடுகிறது என்று யாரும் கிளப்பிவிடுவதில்லை. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரைத்தான் பார்க்கப் போவார்கள். மூளை என்று வந்துவிட்டால் மட்டும் இந்த நிதானம் காணாமல் போகிறது. ஸ்கேன் படத்தில் இரண்டு இடங்கள் சேர்ந்து மினுங்கினால் போதும், நடுவே கோடு இழுத்து ‘இணைப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள்.

மூளையின் நரம்பணுக்களான நியூரான்கள் மின்துடிப்புகளால் பேசிக்கொள்பவை. ஒன்று துடித்த சில மில்லிநொடிகளில் இன்னொன்றும் அடிக்கடி துடித்தால், முதலாவது இரண்டாவதைத் தூண்டுகிறது என்று ஊகிக்கலாம். தவறாமல் துடிக்கத் துடிக்க, இணைப்பு வலுவானது என்று கணக்கு. இதை 1967-இலேயே பெர்க்கல், ஜெர்ஸ்டைன், மூர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் முறைப்படுத்தினார்கள். மூன்றாவது நியூரான் ஒன்று இரண்டையும் சேர்த்துத் தூண்டினாலும் துடிப்புகள் இப்படி ஒட்டிவரக்கூடும் என்பதும் அவர்கள் அறிந்ததுதான்.

பிறகு கருவிகள் பெருகின; நூற்றுக்கணக்கான நியூரான்களை ஒரே நேரத்தில் கேட்க முடிந்தது. தரவு சேரச் சேரப் பிழை தானாகக் கரைந்துவிடும் என்ற நம்பிக்கையும் கூடவே வளர்ந்தது.

அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது 2020-இல். அப்ரநீல் தாஸ், இலா ஃபீட்டே என்ற ஆய்வாளர்கள் இருவரும் கணினிக்குள் ஒரு நியூரான் வலையைத் தாங்களே பின்னினார்கள். எது எதோடு சேர்ந்திருக்கிறது என்ற விடைத்தாள் அவர்கள் கையில். துடிப்புகளை மட்டும் கொடுத்து, பெயர்பெற்ற கணிப்புமுறைகளை அந்த வலையைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஒரு நியூரான்கூட விடுபடாமல், எவ்வளவு தரவு வேண்டுமானாலும் கொடுத்தும், இணைப்பே இல்லாத ஜோடிகளுக்கு நடுவே அவை இணைப்பைக் கண்டன. சேர்ந்து துடித்ததுதான் காரணம்.

எதிர்ப்புறத்திலிருந்து வரும் சிக்கல் இன்னும் வேடிக்கையானது. நண்டு வகைகளின் வயிற்றை அசைக்கும் சிறு நரம்புவலையை ஆஸ்ட்ரிட் பிரின்ஸ், டிர்க் புக்கர், ஈவ் மார்டர் ஆகியோர் 2 கோடிக்கும் மேற்பட்ட கணினி மாதிரிகளாக ஓட்டிப் பார்த்தனர். 2004-இல் வெளியான முடிவு: இணைப்பின் வலு ஏகத்துக்கு மாறுபட்ட மாதிரிகளும் கிட்டத்தட்ட ஒரே தாளத்தைத் தட்டின. அப்படியிருக்க, தாளத்தை மட்டும் கேட்டு வலுவைச் சொல்வது எப்படி?

சீண்டிப் பார்க்க வேண்டும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ லைஃபர் குழு செய்தது அதைத்தான். 302 நியூரான்கள் மட்டுமே கொண்ட சின்னஞ்சிறு புழு ஒன்றுக்கு 1986-இலேயே இணைப்பு வரைபடம் உண்டு. அதன் தலைப்பகுதி நியூரான்களை ஒவ்வொன்றாக ஒளியால் தூண்டி, மற்றவை என்ன செய்கின்றன என்று பதிவுசெய்தார்கள். 23,433 ஜோடிகள்! 2023-இல் வந்த அந்த வரைபடம் பழையதோடு பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. சில செய்திகள் பழைய வரைபடத்தின் இணைப்புகள் வழியாகவே போகவில்லை. நியூரான்கள் கசியவிட்ட பெப்டைடு எனும் வேதிப்பொருள்கள் அவற்றைச் சுமந்திருந்தன.

மனித மூளையை இப்படி இஷ்டத்துக்குச் சீண்ட முடியாதே என்பார்கள். நியாயம்தான். ஆனாலும் வலிப்பு அறுவைச் சிகிச்சைக்கு முன் மின்முனைகள் பொருத்தப்படும் நோயாளிகளிடம், ஓரிடத்தில் சிறு மின்சாரம் செலுத்தி, மறுமொழி எங்கே எழுகிறது என்று மருத்துவர்கள் பார்க்கிறார்கள். மற்றபடி, கேட்டு மட்டும் வரைந்த படத்துக்கு வேறு பெயர் வைக்கலாம். தமிழில் இரண்டு சொற்கள் தயாராகவே இருக்கின்றன: சேர்ந்து துடித்தால் ‘தொடர்பு’, தூண்டிப் பார்த்து உறுதியானால் ‘இணைப்பு’. மூளைப் படங்களை அச்சிடும் பத்திரிகைகள் அடுத்த படத்திலிருந்தே இதைத் தொடங்கலாம்.